அயர்ன்ஸ்வார்னும் மித்திக்கும்: தனியாக ஆடுவோருக்கான ஒரு சேர்க்கை

வேலூர் போன்ற ஊரில் கதைமாந்தராகப் பேசியும் பகடை உருட்டியும் ஆடும் ரோல்பிளே ஆட்டத்துக்கென நான்கு பேரை வாரந்தோறும் ஒரே மேசையில் சேர்ப்பது எளிதன்று. ஆகவே தனியாக ஆட விரும்புகிறவர்களுக்கு, ஷான் டாம்கின் 2018-இல் வெளியிட்ட அயர்ன்ஸ்வார்ன் என்ற ரோல்பிளே ஆட்டத்தையும், ஆட்டத்தை நடத்துபவருக்குப் பதிலாக நின்று விடை தரும் நூலான மித்திக் கேம் மாஸ்டர் எமுலேட்டரின் இரண்டாம் பதிப்பையும் சேர்த்தே பரிந்துரைக்கிறேன். முன்னதன் பிடிஎஃப் இலவசம். பின்னதை விலைக்கு வாங்க வேண்டும்.

அயர்ன்ஸ்வார்னின் வலிமை செயலில் இருக்கிறது. ஆறு முகப் பகடையில் விழுந்த எண்ணோடு நாயகனின் திறனைக் கூட்டி, அதை இரண்டு பத்து முகப் பகடைகளோடு ஒப்பிட வேண்டும்: இரண்டையும் மிஞ்சினால் முழு வெற்றி, ஒன்றை மட்டும் மிஞ்சினால் அரை வெற்றி, ஒன்றையும் மிஞ்சாவிட்டால் தோல்வி. ஆனால் ஆட்ட உலகத்திடம் ‘ஆம்’, ‘இல்லை’ கேள்வி கேட்டுப் பகடையால் விடை பெறும் பகுதி அதில் மெலிந்தது. முந்தைய காட்சியில் எல்லாம் கைமீறிப் போயிருந்தாலும் அடுத்த கேள்விக்குரிய வாய்ப்பு மாறுவதில்லை. மித்திக் இந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. அதன் குழப்ப எண் 5-இல் தொடங்கி, காட்சி முடியும்போது நாயகனின் பிடி தளர்ந்திருந்தால் ஒன்று கூடியும், இல்லையேல் ஒன்று குறைந்தும், 1 முதல் 9 வரை நகர்கிறது. அது ஏற ஏற ‘ஆம்’ என்ற விடையும் எதிர்பாராத நிகழ்வுகளும் பெருகுகின்றன. சண்டைக்கும் காயத்துக்கும் மித்திக்கில் விதி இல்லாததால், அதற்கும் அயர்ன்ஸ்வார்னின் துணை தேவைப்படுகிறது.

சேர்க்கும்போது முதலில் செய்ய வேண்டியது, அயர்ன்ஸ்வார்னின் கேள்வி அட்டவணையை முழுவதுமாக ஒதுக்குவது. அங்கே பெரிய எண் ‘ஆம்’, மித்திக்கில் சிறிய எண் ‘ஆம்’. இரண்டையும் கலந்து ஆடினால் ஆட்டத்தின் நடுவே தடுமாற்றம் உறுதி.

நான் ஆட்டக்களத்தைச் சம்புவராய மன்னர்களின் தலைநகராக இருந்த படைவீட்டுக்கு மாற்றிக்கொண்டேன். நாயகன் தன் இலக்கை இரும்பைத் தொட்டு வஞ்சினமாகக் கூறும் அயர்ன்ஸ்வார்னின் விதி, செங்கத்து நடுகற்களைப் போன்ற ஒரு வீரக்கல்லின் முன் கூறுவதாக மாறியபோது, அது இந்த மண்ணுக்கே எழுதப்பட்டதுபோல் பொருந்தியது. ஜவ்வாது மலைக் கணவாயில் காவல் இருக்கிறதா என்று, பாதிக்குப் பாதி வாய்ப்பில், குழப்ப எண் 5-ஆக இருக்கையில் மித்திக்கிடம் கேட்டேன்; 1 முதல் 100 வரையிலான பகடை வீச்சில் 33 விழுந்தது. விடை ‘ஆம்’; இரண்டு இலக்கமும் ஒன்றாகவே அமைந்து, அந்த இலக்கம் குழப்ப எண்ணை மிஞ்சாததால் எதிர்பாராத நிகழ்வும் உண்டு. அந்நிகழ்வு என்னவென்று அறிய மித்திக்கின் சொல் அட்டவணையில் பகடை உருட்டியபோது, காட்டிக்கொடுத்தல், ஆயுதம் என்று பொருள்படும் இரு சொற்கள் வந்தன. வழிகாட்டியாக வந்தவனே நாயகனின் வாளோடு காவலரிடம் சென்றுவிட்டான்.

இச்சேர்க்கையில் கவலைக்குரியது இரட்டைத் தண்டனை. அயர்ன்ஸ்வார்னில் தோற்றால் விலை கொடுக்க வேண்டும். அதே தோல்வி குழப்ப எண்ணையும் ஏற்றி, அடுத்த காட்சியைக் குலைக்கக்கூடும். துணையின்றி நிற்கும் நாயகன் இதில் விரைவில் நொறுங்கிவிடுவான். ஆகவே தோல்விக்கு வேறு தண்டனை தேடாமல், மித்திக்கின் நிகழ்வுச் சொற்களையே அந்த விலையாகக் கொள்ளுங்கள்.

வஞ்சினத்தை, முடியாத இலக்குகளைக் குறித்துவைக்கும் மித்திக்கின் கதையிழைப் பட்டியலில் எழுதி, அதன் பக்கத்திலேயே வஞ்சினம் எவ்வளவு நிறைவேறியது என்று காட்டும் அயர்ன்ஸ்வார்னின் பத்துக் கட்ட முன்னேற்றக் கோட்டை வரைந்தால் இரண்டு தாள் வேண்டியதில்லை. சண்டை தொடங்கியபின் மட்டும் மித்திக்கை மூடி வைத்துவிடுங்கள். அடிக்கு அடி கேள்வி கேட்டால் சண்டையின் வேகம் செத்துவிடும்.