கார்னாக்: கடலோரமும் குத்துக்கற்களும்

பிரான்சின் பிரிட்டனி கடற்கரையில், கார்னாக்கின் மணல்வெளியையும் மெனெக், கெர்மாரியோ குத்துக்கல் வரிசைகளையும் ஒரே நாளில் இணைக்கும் வழிகாட்டி நடைப்பயணம் ஒன்றில் சேர்ந்தேன். பெரிய கடற்கரை அழகானதுதான்; ஆனால் மனம் நின்றது கற்களிடம். மெனெக்கில் 11 வரிசைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கற்கள் நிற்கின்றன. மேற்கு முனையில் ஆளைவிட உயரமாக எழுபவை, கிழக்கே செல்லச் செல்ல இடுப்பளவுக்கும் கீழே தாழ்ந்துவிடுகின்றன. ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனிதர்கள் நிறுத்திய அந்தக் கருங்கற்களின்மேல் சாம்பல் நிறப் பாசிப்படலம் வட்ட வட்டமாகப் படர்ந்திருந்ததை அருகில் நின்று பார்த்தபோது, என்னையறியாமல் குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

வழிகாட்டி ஆழ்ந்த அறிவுடையவர், கேள்விகளுக்குப் பொறுமையாக விடையளித்தார். குறை ஒன்றுண்டு: கெர்மாரியோவுக்கு அரை மணி நேரமே ஒதுக்கிவிட்டு, கடற்கரையில் இரண்டு மணி நேரம் நிறுத்திவைத்தது ஏற்பாட்டாளர்களின் தவறு.

கோடையில் வழிகாட்டியுடன் மட்டுமே வரிசைகளுக்குள் நுழையலாம் என்பதால் முன்பதிவு செய்யுங்கள். தனியே, நிதானமாக நடக்க விரும்புவோருக்குக் குளிர்காலமே உகந்தது.