19 சென்டிமீட்டரில் ஓர் எஸ்பிரெசோ மெஷின்

எங்கள் சமையலறை மேடையில் மிக்ஸிக்கும் தண்ணீர் கேனுக்கும் நடுவே மிச்சமிருந்த இடம் 19 சென்டிமீட்டர். நான் டேப் வைத்து அளந்தேன். நம்பாமல் மனைவியும் ஒருமுறை அளந்தாள். அதே 19தான்.

வேளச்சேரியில் ஒரு படுக்கையறை வீடு. எனக்கு வாரத்தில் நான்கு நாள் இரவு ஷிஃப்ட். கப்புசினோவுக்குக் கொடுத்த காசையெல்லாம் கூட்டிப் பார்த்த ஒரு மாதத்தில்தான் இந்த ஆசை வந்தது. முதலில் போன கடையில் விற்பனையாளர் “இருபது பார் சார், இதுதான் பவர்ஃபுல்” என்று ஒரு பெரிய பெட்டியைக் காட்டினார். பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு. எஸ்பிரெசோ என்ற கெட்டிக் காபிக்குத் தூளின் மேல் விழ வேண்டிய அழுத்தம் 9 பார் அளவுதான். பெட்டியில் போடும் 15, 20 எல்லாம் பம்ப் தரக்கூடிய உச்ச அளவு. அதைப் பார்த்து மெஷின் வாங்க வேண்டியதில்லை.

கடைசியில் எடுத்தது டெலாங்கி டெடிகா. அகலம் 15 செ.மீ., உயரம் ஏறக்குறைய 30, எடை நாலு கிலோ சொச்சம். உள்ளே பாய்லர் கிடையாது. தெர்மோபிளாக் என்ற சூடாக்கி, போகும் தண்ணீரைப் போகிற போக்கில் சுடவைக்கிறது. அதனால் ஸ்விட்ச் போட்ட ஒரு நிமிடத்துக்குள் தயார். முதல் கப் சூடாக வேண்டுமென்றால், தூள் போடாமல் ஒருமுறை வெந்நீரை ஓடவிட்டு, கைப்பிடியையும் கப்பையும் சூடாக்கிக்கொள்ள வேண்டும்.

வாங்குவதற்கு முன் பழைய அட்டைப்பெட்டி ஒன்றை இதே அளவுக்கு வெட்டி ஒட்டி, மூன்று நாள் மேடையில் வைத்துப் பார்த்தோம். அந்த யோசனைக்கு எனக்கு நானே நூற்றுக்கு நூறு போட்டுக்கொள்வேன். தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் இருக்கிறது, மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். மேலே அலமாரி இருந்தால் ஒவ்வொரு தடவையும் மெஷினை முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். இதை அட்டையே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஒன்றை மட்டும் அது காட்டவில்லை. தூள் போடும் கைப்பிடியை இடதுபக்கம் சாய்த்து நுழைத்து, பிறகு நேராகத் திருப்பிப் பூட்ட வேண்டும். எங்கள் இடதுபக்கம் மிக்ஸி! முதல் நாளே கைப்பிடி ஜாரில் இடித்தது. திருப்பும்போது மெஷின் கூடவே வரும், இன்னொரு கையால் தலையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆக 15 செ.மீ. மெஷினுக்கு நிஜத்தில் 35 செ.மீ.யாவது வேண்டும்.

தூள் விஷயத்தில் தவறு என்னுடையது. வீட்டில் இருந்த, 80 பங்கு காபியும் 20 பங்கு சிக்கரியும் கலந்த ஃபில்டர் பொடியையே போட்டேன். மெஷின் முனகியது, கறுப்பாக நாலு சொட்டு விழுந்தது, வாயில் வைக்க முடியவில்லை. சிக்கரி தண்ணீர் பட்டால் பிசுபிசுத்து அடைத்துக்கொள்ளும். மறுநாள் காபிக் கொட்டை வறுத்து அரைக்கும் கடையில் பிளான்டேஷன் ஏ ரகக் கொட்டை கால் கிலோ, சிக்கரி இல்லாமல், ஃபில்டருக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் நைஸாகக் கேட்டேன். “சிக்கரி இல்லாம திக்கா வராதே தம்பி” என்று கடைக்காரர் இரண்டு முறை உறுதிப்படுத்திக்கொண்டுதான் அரைத்தார். மெஷினோடு வரும் வடிகட்டி இரட்டைச் சுவர் கொண்டது. அழுத்தத்தை அதுவே உண்டாக்கிவிடுவதால் கடைப் பொடிக்கும் மேலே பொன்னிற நுரை கட்டுகிறது. தனியாகக் கிரைண்டர் வைக்க இடமில்லாத எங்களுக்கு இது போதும். காபியை ஆராய்ந்து குடிப்பவர்களுக்கு நுரை அழகாகவும் சுவை கொஞ்சம் மொக்கையாகவும் தோன்றலாம்.

பாலைக் காய்ச்சி, ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்து, ஆடையை எடுத்துவிட்டு நுரைக்கிறேன். நீராவிக் குழாயை அந்த நிமிடமே ஈரத்துணியால் துடைக்காவிட்டால் பால் காய்ந்து துளை அடைபடும். இன்னொன்று, இது 1300 வாட் அளவுக்கு இழுக்கும். மிக்ஸியையும் இதையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருக வேண்டாம்.

எங்கள் வீட்டில் அந்தப் பிரச்சினையே இப்போது இல்லை. மிக்ஸி வாஷிங் மெஷின் தலைக்கு இடம் மாறிவிட்டது. துணி துவைக்கும் நாளில் சட்னி இல்லை, இட்லிப் பொடிதான்.