கான்கூனிலிருந்து ஒரு நாள்: சிச்சென் இட்சாவா, தூலுமா?

மெக்சிகோவின் கான்கூன் கடற்கரையில் தங்குவோருக்கு பண்டைய மாயர் இன மக்களின் இடிபாடுகளைக் காண ஒரே நாள்தான் மிஞ்சுகிறதென்றால், சிச்சென் இட்சா, தூலும் என்ற இரு பழைய நகரங்களில் எங்கே செல்வது என்ற குழப்பம் எழுவது இயல்பே.

தொலைவு: சிச்சென் இட்சா சுமார் 200 கி.மீ.; தூலும் சுமார் 130 கி.மீ. வண்டிச் செலவும் அதற்கேற்பக் கூடும்.

நேரம்: யுகடான் மாநிலத்திலுள்ள சிச்சென் இட்சாவில் கடிகாரம் கான்கூனைவிட ஒரு மணி பின்தங்கியிருப்பதால், அதிகாலையில் கிளம்புவோர் கூட்டத்தை முந்திவிடலாம்.

காட்சி: சிச்சென் இட்சாவின் குகுல்கான் பிரமிடில் பக்கத்துக்கு 91 வீதம் நான்கு பக்கப் படிகளும் உச்சிமேடையும் சேர்ந்து 365 ஆகின்றன, ஏற அனுமதியில்லை என்றாலும், படிக்கட்டின் எதிரே நின்று கைதட்டினால் பறவை கீச்சிடுவதுபோல் எதிரொலி திரும்பும். தூலுமின் கட்டடங்கள் சிறியவை. ஆனால், மதில் சூழ்ந்த அந்நகரம் கரீபியன் கடலோரப் பாறைமுகட்டில் நிற்கிறது.

நிழல்: இரண்டிலும் குறைவு, தொப்பி கட்டாயம்.

குழந்தைகளுடன் செல்வோருக்கும் மதியத்துக்குள் திரும்ப விரும்புவோருக்கும் தூலும் போதும். கட்டடக்கலையைக் காணவே புறப்படுவோர் நீண்ட பயணத்தைப் பொருட்படுத்தாமல் சிச்சென் இட்சாவுக்கே செல்லலாம்.