பில்லில் காயிலோவர், வண்டிக்குள் வெட்டிய ஸ்பிரிங்: ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

ஒரு ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230-க்கு "நாலு சக்கரத்துக்கும் காயிலோவர்" (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் செட்) என்று பில் போட்டு ஒன்றரை லட்சத்துக்கு மேல் வாங்கியிருக்கிறார்கள். ஐந்தே மாதத்தில் பின்டயர் இரண்டும் உள்பக்கம் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டன. சின்னப் பள்ளத்துக்கே முன்பக்கம் "டக்" என்று இடித்தது. வேறு இடத்தில் லிஃப்டில் ஏற்றிக் கழற்றிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயர் இங்கே வேண்டாம். எப்படிச் செய்தார்கள் என்பது தெரிந்தால் அடுத்த வண்டியாவது தப்பும்.

முன்பக்கம் இருந்தது கம்பெனி ஷாக் அப்சார்பரேதான். அதன் மேல் மரை போட்ட அலுமினியக் குழாய் ஒன்றைச் செருகி, இரண்டு வளையம் மாட்டி, குட்டை ஸ்பிரிங் ஒன்றை உட்கார வைத்திருக்கிறார்கள். சக்கர வளைவுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு மரையும் வளையமும் தெரியும், காயிலோவர் என்றே நம்புவார். பம்ப் ஸ்டாப்பை (ஷாக் முழுதாக அமுங்கி இடிக்காமல் தடுக்கும் ரப்பர்) பாதியாக அறுத்திருந்தார்கள், டஸ்ட் கவரைக் காணோம். ஒரு பக்க ஷாக்கில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தது.

பின்பக்கம் இன்னும் மோசம். கம்பெனி ஸ்பிரிங்கையே கிரைண்டரில் ஒரு சுற்று வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வெட்டிய முனையில் பெயின்ட்டைச் சுரண்டினால் சூடேறிய நீலக் கறை. அந்தக் கூர்முனை அடியில் இருந்த ரப்பர் தட்டைத் தின்று தீர்த்து, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்ம் தகட்டில் பிறை வடிவத்தில் பள்ளம் போட்டிருந்தது. சக்கரத்தைத் தொங்கவிட்டதும் ஸ்பிரிங்கைக் கையாலேயே சுற்ற முடிந்தது. வேகத்தில் ஒரு மேட்டைத் தாண்டிக் குதிக்கும்போது அது இடம் மாறினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

வெட்டினால் என்ன கெடுகிறது? ஸ்பிரிங்கில் சுற்று குறையக் குறையக் கடினம் கூடும். ஆறு சுற்று வேலை செய்யும் ஸ்பிரிங்கில் ஒன்று போனால் ஏறக்குறைய 20 சதவீதம் கூடும். கம்பெனி ஷாக் பழைய கடினத்துக்குக் கணக்கிட்டது என்பதால் திரும்பி வரும் வேகத்தை அதனால் பிடிக்க முடியாது, வண்டி துள்ளிக்கொண்டே போகும். அடுத்தது பயண தூரம். ஷாக் கீழே இறங்க 70 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. தாழ்த்தினால் மிச்சம் 30. நாலு பேர் ஏறி உட்கார்ந்ததும் வண்டி பம்ப் ஸ்டாப்பின் மேலேயே ஓடும். "ஸ்போர்ட்டி ஃபீல்" என்று விற்கிறார்களே, பல வண்டிகளில் அது இந்த இடிதான்.

ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் பின்பக்கம் ஸ்பிரிங் தனி, ஷாக் தனி. அசல் காயிலோவர் கிட்டிலும் பின்னால் அப்படித்தான் வரும்: தனி ஷாக், தனி ஸ்பிரிங், ஸ்பிரிங்குக்கு உயரம் மாற்றும் மரைத் தட்டு ஒன்று. "இந்த வண்டிக்குப் பின்னால் இப்படித்தான் சார், அட்ஜஸ்டர் வராது" என்று சொன்னால் அது பொய். இந்த ஒரு வாக்கியத்தை நம்பித்தான் உரிமையாளர் பணம் கட்டினார்.

உண்மையில் யாருக்கு எது வேண்டும்? தினமும் ஓட்டும் வண்டி, ஒரே உயரம் போதும் என்றால் நல்ல லோயரிங் ஸ்பிரிங்கும் (வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்) அதற்கேற்ற குட்டை ஷாக்கும் போதும். பில்ஸ்டீன் கம்பெனி ஷாக்கில் பி6 வண்டியின் அசல் உயரத்துக்கு, பி8 தாழ்த்திய ஸ்பிரிங்குக்கு. பி8-உம் ஐபாக் ஸ்பிரிங்கும் சேர்ந்து வருவது பி12. அறுபது எழுபதாயிரம் கி.மீ. ஓடிய ஷாக்கின் மேல் புது ஸ்பிரிங் மட்டும் போடுவது காசைக் கரைப்பது. இன்னொன்று: பெட்டியில் "30 மி.மீ." என்று இருப்பது பெரும்பாலும் சாதாரண சஸ்பென்ஷனிலிருந்து எடுத்த கணக்கு. ஆர்எஸ் ஏற்கெனவே தாழ்வு, அதனால் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் வெட்டச் சொல்கிறார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இருங்காட்டுக்கோட்டை, கரி போன்ற ரேஸ் டிராக்கில் அடிக்கடி ஓட்டுபவர், உயரத்தையும் எடைப் பங்கீட்டையும் மாற்றிப் பார்ப்பவர், காயிலோவர் வாங்கலாம். பில்ஸ்டீன் பி14, கேடபிள்யூ கம்பெனியின் வேரியன்ட் 1 இரண்டிலும் உயரம் மட்டும் மாறும். வேரியன்ட் 3-இல் ஷாக் அமுங்கும் வேகத்தையும் திரும்பும் வேகத்தையும்கூடத் தனித்தனியாக மாற்றலாம். மழைக்காலத்துக்கு முன் மரையைக் கழுவிக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் வளையம் இறுகிவிடும். அதற்கு நேரமில்லாதவருக்குக் காயிலோவர் தேவையில்லை.

வண்டியை விடும் முன் சமதளத்தில் நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து படம் எடுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் கெடுக்கும். பெட்டியில் உள்ள பார்ட் நம்பர், ஸ்பிரிங்கிலும் ஷாக்கிலும் பதிந்த நம்பர், பில்லில் எழுதிய நம்பர் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கழற்றிய பழைய ஸ்பிரிங், ஷாக் அத்தனையும் கையில் வாங்குங்கள். "ஸ்கிராப்புக்குப் போட்டுட்டோம்" என்றால் அவை இன்னும் உங்கள் வண்டிக்குள்ளேயே இருக்கலாம்.

மாட்டும்போது ஸ்ட்ரட்டின் (முன்பக்க ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தண்டு) மேல் நட்டை இம்பாக்ட் கன்னில் இறுக்கவிடாதீர்கள், தண்டு சுழன்று சீல் போய்விடும். கோணம் பார்த்து இறுக்கும் போல்ட்டெல்லாம் புதிது போட வேண்டும். ஆர்ம் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியும். வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். அதன்பின் அலைன்மென்ட். பின்பக்கம் கேம்பருக்கும் (சக்கரம் மேலே உள்ளே, வெளியே சாயும் கோணம்) டோவுக்கும் (சக்கரம் முன்னால் உள்ளே, வெளியே திரும்பும் கோணம்) தனித்தனி போல்ட் உண்டு. இந்த வண்டியில் இரண்டையும் தொடவே இல்லை, டயர் போனதற்குக் காரணம் அதுதான், அதிலும் முக்கியமாக டோ. அச்சிட்ட அலைன்மென்ட் ரிப்போர்ட் இல்லாமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள். ஹெட்லைட் உயர சென்சாரையும் மறுபடி செட் செய்யச் சொல்லுங்கள்.

நம்ம ஊர் வேகத்தடையையும் கணக்கில் எடுங்கள். இந்திய சாலைக் காங்கிரஸ் வட்ட வேகத்தடைக்கு வகுத்த அளவு 10 செ.மீ. உயரம், 3.7 மீ. அகலம். தெருவில் இருப்பவை பல அந்த அகலத்தில் பாதிகூட இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு தயாரிப்பாளரின் அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் எழுத்தில் கேட்காமல் ஸ்பிரிங்கைக்கூட மாற்றாதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால், அதே ஒர்க்‌ஷாப்பில் கழற்ற விடாதீர்கள். வேறிடத்தில் லிஃப்டில் ஏற்றி, வண்டி நம்பர் தெரியும்படி தொடங்கி ஒரே வீடியோவாக எடுங்கள். ஜிஎஸ்டி பில், பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, வெட்டிய ஸ்பிரிங் எல்லாம் பத்திரமாக இருக்கட்டும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் புகார். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நீங்களே ஆஜராகலாம்.