டிவிடி எழுத மடிக்கணினியில் எவ்வளவு இடம் வேண்டும்: நேரடிப் பதிவா, இமேஜ் வழியா?

128 ஜிபி எஸ்எஸ்டி கொண்ட மடிக்கணினியில் விண்டோஸ் காட்டுவது 119 ஜிபி மட்டுமே. இயங்குதளமும் அன்றாட மென்பொருள்களும் எடுத்துக்கொண்டது போக எஞ்சும் இடத்தில்தான் டிவிடி எழுதும் வேலையும் நடந்தாக வேண்டும். அதற்கு எவ்வளவு காலியிடம் தேவை என்பதை வட்டின் கொள்ளளவை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. எழுதும் வழியைப் பொறுத்து, அதே டிவிடிக்குக் கூடுதல் இடமே தேவைப்படாமல் போகலாம். 9 ஜிபி வரை தேவைப்படவும் செய்யலாம்.

கோப்புகளை இருக்கும் இடத்திலிருந்தே படித்து நேராக வட்டுக்கு அனுப்புவது முதல் வழி. இதற்குத் தனி இடம் ஏறக்குறைய வேண்டியதில்லை. முன்பு இதில் ஓர் அபாயம் இருந்தது: ஹார்ட் டிஸ்க் தரவைத் தரத் தாமதித்தால், பதிவு பாதியில் முறிந்து வட்டு குப்பைக்குப் போகும். 2000ஆம் ஆண்டு வாக்கில் வந்த இடைத்தடைப் பாதுகாப்பு, தரவு வரும்வரை பதிவை நிறுத்தி, விட்ட இடத்திலிருந்து தொடர வைத்தது. மடிக்கணினி டிரைவின் 8 மடங்கு வேகத்துக்கு நொடிக்குச் சுமார் 11 எம்பி போதும் என்பதால், எஸ்எஸ்டி உள்ளவர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. ஆயினும் மூலக் கோப்புகள் பென் டிரைவிலோ வைஃபை வழியாக வேறொரு கணினியிலோ இருந்தால், இணைப்பு அறுந்த கணமே வட்டு வீணாகிவிடும்.

வட்டில் போக வேண்டிய எல்லாவற்றையும் அப்படியே ஒற்றைக் கோப்பாக அடக்கிய ஐஎஸ்ஓ இமேஜை முதலில் உருவாக்கிவிட்டு அதை எழுதுவது இரண்டாம் வழி. 4.7 ஜிபி என்று அட்டையில் அச்சிட்டிருப்பது 470 கோடி பைட்டுகள். ஆயிரத்துக்குப் பதில் 1,024-ஆல் வகுக்கும் விண்டோஸ் கணக்கில் அது 4.38 ஜிபி. இரட்டை அடுக்கு டிவிடிக்கு 7.9 ஜிபியும், 25 ஜிபி புளூ-ரேவுக்கு 23.3 ஜிபியும் ஒதுக்க வேண்டும். ஒரே ஒரு வட்டுக்கு இது வீண்செலவுதான். ஆனால் கல்யாண வீடியோவைச் சொந்தக்காரர்களுக்குப் பத்துப் பிரதி எடுக்க வேண்டியவருக்கு ஒருமுறை உண்டாக்கிய இமேஜே பத்து வட்டுக்கும் பயன்படும். அங்கே நான் தயங்காமல் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஒரே டிரைவை வைத்து ஒரு டிவிடியை இன்னொன்றாக நகலெடுக்கவும் வேறு வழியில்லை.

விண்டோஸில் இருக்கும் பர்ன் வசதி இவ்விரண்டுக்கும் நடுவே நின்று பலரைக் குழப்புகிறது. கோப்புகளைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் எழுதும் 'மாஸ்டர்டு' முறையில் இழுத்துப் போடும் கோப்புகளெல்லாம், மூலம் டி டிரைவில் இருந்தாலும், பொதுவாக சி டிரைவின் தற்காலிக ஃபோல்டரில் இன்னொரு பிரதியாகச் சேர்கின்றன. எழுதாமல் மறந்துவிட்டால் அங்கேயே தங்கிவிடுகின்றன. டிவிடி டிரைவின் பண்புகளில் 'ரெக்கார்டிங்' பகுதிக்குச் சென்று அந்த இடத்தை டி டிரைவுக்கு மாற்றலாம். மற்றதான 'லைவ் ஃபைல் சிஸ்டம்' நேராக எழுதுவதால் இடம் கேட்பதில்லை, ஆனால் அப்படி எழுதிய வட்டைப் பழைய டிவிடி பிளேயர்கள் பல ஏற்பதில்லை.

மிகுதியான இடத்தை விழுங்குவது வீடியோ டிவிடி. கேமராவின் மூலக் கோப்பு, அதிலிருந்து டிவிடி பிளேயர் படிக்கும் எம்பெக்-2 வடிவுக்கு மாற்றிய கோப்புகள், அவற்றின் இமேஜ் என மூன்றும் ஒரே நேரத்தில் இருப்பதால், மூலக் கோப்பைத் தவிர 9 ஜிபி வேண்டும். இமேஜ் படியை விட்டுவிட்டு, மாற்றிய கோப்புகளை நேராக எழுதினால் அதில் பாதி மிச்சமாகும். ஆடியோ சிடி தொல்லை தருவதில்லை: 80 நிமிட எம்பி3 பாடல்களை முழுவதும் விரித்து வைக்கும் மென்பொருளுக்கும் 800 எம்பி சொச்சம் போதும்.

உள்ளே இடமே இல்லாதவர்கள் இமேஜை வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் வைக்கலாம். யுஎஸ்பி 2.0 வேகமே 8 மடங்கு டிவிடிக்குத் தாராளம். அந்த டிஸ்க் ஃபேட்32 என்ற பழைய கோப்பு அமைப்பு வடிவில் இருந்தால் மட்டும், ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாத காரணத்தால், எவ்வளவு காலியிடம் இருந்தாலும் முழு டிவிடியின் ஐஎஸ்ஓ அதில் ஒற்றைக் கோப்பாகச் சேராது. எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள டிஸ்க்கே இதற்கு வேண்டும்.