பிரிட்டன் நாடாளுமன்ற மனுத் தளம்: கூட்டம் தாங்குமா?

அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மேயின் பிரெக்ஸிட் (ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் வெளியேறுவது) விலகல் ஒப்பந்தம் 2019 ஜனவரி 15-ல் நாடாளுமன்ற வாக்கெடுப்பில் 432–202 என மண்ணைக் கவ்வியது; மார்ச் 12-ல் மறுபடியும் தோற்றது. அப்போது ஜனங்கள் ஆத்திரத்தைக் கொட்டிய இடங்களில் ஒன்று நாடாளுமன்றத்தின் இணைய மனுத் தளம். சேவை என்று பார்த்தால் பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

கையெழுத்திடுவது எளிது. பிரிட்டிஷ் குடிமகன் அல்லது அங்கு வசிப்பவர் என்று டிக் அடித்து, பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீடு கொடுத்தால் போதும். ஆனால் மின்னஞ்சலில் வரும் இணைப்பை அழுத்தும்வரை கையெழுத்து கணக்கில் ஏறாது. ஒருவரே இருமுறை தளத்துக்கு வரவேண்டியிருப்பதால் நெரிசல் நேரத்தில் சுமையும் கூடுகிறது. 50-வது பிரிவை, அதாவது ஒன்றியத்திலிருந்து விலகுவதாகப் பிரிட்டன் கொடுத்த அறிவிப்பை, திரும்பப் பெறக் கோரிய மனு மார்ச் 21-ல் சூடுபிடித்தபோது தளம் திரும்பத் திரும்ப முடங்கியது.

இதில் உருப்படியான அம்சம் தொகுதிவாரி வரைபடம். எந்த எம்.பி.யின் தொகுதியில் எத்தனை பேர் என்று பளிச்சென்று தெரியும். வெளிநாட்டுக் கையெழுத்துகளைக் கண்டதும் மோசடி என்று கத்த வேண்டியதில்லை. வெளிநாட்டில் வாழும் பிரிட்டிஷ் குடிமக்களும் போடலாம்.

பலன்? 10,000 கையெழுத்து தாண்டினால் அரசின் பதில். 1,00,000 தாண்டினால் விவாதத்துக்குப் பரிசீலனை, அவ்வளவே. அந்த மனு 61 லட்சத்தைத் தொட்டது. திரும்பப் பெற மாட்டோம் என்று மார்ச் 26-லேயே அரசு கைவிரித்துவிட்டது. ஏப்ரல் 1-ல் நாடாளுமன்றத்தின் வெஸ்ட்மின்ஸ்டர் ஹாலில் நடந்த விவாதத்துக்கு அரசைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் கிடையாது.