"4000 வாட்ஸ்" செட், 12,500 ரூபாய்: டிக்கி கார்பெட்டைத் தூக்கியதும் தெரிந்தவை

வண்டி ஒரு பழைய வேகன் ஆர். டிக்கியில் 12 இன்ச் ஊஃபர் (பேஸ் ஸ்பீக்கர்), பாக்ஸ், 4000 வாட்ஸ் என்று எழுதிய இரண்டு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்), ஒயரிங் கிட், ஃபிட்டிங் எல்லாம் சேர்த்து 12,500 ரூபாய் பேக்கேஜ். பில் கிடையாது, ஒரு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் தொகை மட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் பேஸ் நன்றாகவே அடித்தது. பிறகு சத்தத்தைக் கூட்டினால் ஆம்ப் கட் ஆக ஆரம்பித்தது. இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கடைசியில் கருகல் வாடை. கடைக்காரர் சொன்ன பதில், "பேட்டரி வீக் சார், மாத்திடுங்க."

பேட்டரியில் கோளாறு இல்லை. கார்பெட்டையும் சைடு பிளாஸ்டிக்கையும் கழற்றியதும் தெரிந்ததை வரிசையாக எழுதுகிறோம். இதே பேக்கேஜ் பல ஊர்களில் இதே மாதிரிதான் விற்கப்படுகிறது. கடைப் பெயர் வேண்டாம், வேலையை எப்படிப் பார்ப்பது என்பதுதான் முக்கியம்.

முதலில் அந்த 4000. ஆம்பின் பக்கவாட்டில் செருகியிருக்கும் ஃபியூஸைப் பாருங்கள். இந்த ஆம்பில் இருந்தது ஒரே ஒரு 30 ஆம்பியர் ஃபியூஸ். இன்ஜின் ஓடும்போது வோல்டேஜ் 13.8 என்று வைத்தால் உள்ளே போகும் மொத்த பவரே 30 × 13.8 = 414 வாட்ஸ். கிளாஸ் ஏபி ஆம்ப் அதில் சுமார் 60 சதவீதத்தைத்தான் ஸ்பீக்கருக்குத் தரும், மீதி சூடாகப் போய்விடும். அதாவது ஏறக்குறைய 250 வாட்ஸ். கிளாஸ் டி ஆம்பாக இருந்தால் 80 சதவீதம் பிடிக்கலாம், 330 வாட்ஸ். நிஜமாகவே 4000 வாட்ஸ் வேண்டுமென்றால் கிளாஸ் டி ஆம்பிலேயே பேட்டரியிலிருந்து 360 ஆம்பியருக்கு மேல் இழுக்க வேண்டும். சின்ன பெட்ரோல் காரின் ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியரைக்கூட எட்டாது. கடையில் நிற்கும்போதே மொபைல் கால்குலேட்டரில் இந்தக் கணக்கைப் போட்டுவிடலாம். "மேக்ஸ்", "பீக்", "பி.எம்.பி.ஓ." எதையும் பொருட்படுத்த வேண்டாம். எத்தனை ஓமில், எத்தனை வோல்டில், எத்தனை வாட்ஸ் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய பவர்) என்று அட்டையில் இருந்தால் மட்டும் நம்புங்கள்.

250 வாட்ஸ் ஒன்றும் மோசமில்லை. ஒரு சின்ன காருக்கு அது தாராளம். அதை 4000 என்று சொல்லி விற்றதைக்கூட விட்டுவிடலாம். இந்த வேலையில் பணம் போனதும் வண்டிக்கே ஆபத்து வந்ததும் கார்பெட்டுக்கு அடியில் ஓடிய ஒயரால்தான்.

கிட்டின் மேல் "4 கேஜ்" என்று அச்சடித்திருந்தது (கேஜ் எண் கூடக் கூட ஒயர் மெல்லியது). வெளியே பார்க்கச் சுண்டுவிரல் தடிமன். வெட்டிப் பார்த்தால் முக்கால்வாசி பிளாஸ்டிக்தான், நடுவில் இருக்கும் உலோகம் 10 கேஜ் அளவுக்குத்தான் வரும். அதுவும் செம்பு இல்லை. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டியதும் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது: அலுமினியத்தின் மேல் மெல்லிய செம்புப் பூச்சு. கடைகளில் சி.சி.ஏ. என்பார்கள். ஒரே தடிமனில் இதன் மின்தடை சுத்தச் செம்பைவிடச் சுமார் ஒன்றரை மடங்கு.

பேட்டரியிலிருந்து டிக்கிக்கு 5 மீட்டர் ஒயர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நிஜமான 4 கேஜ் செம்பாக இருந்தால் 30 ஆம்பியர் ஓடும்போது ஒயரில் இழப்பது சுமார் 0.12 வோல்ட். இந்தப் போலி ஒயரில் அதே கணக்கு சுமார் 0.75 வோல்ட் வருகிறது. எர்த் ஒயரின் இழப்பையும் மோசமான ஜாயின்டுகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். ஆம்புக்கு வோல்டேஜ் குறையும், பேஸ் அடிக்கும்போதெல்லாம் ஒயரும் சூடாகும்.

கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எடை. 4 கேஜ் என்றால் உலோகத்தின் குறுக்குப் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர். 5 மீட்டரில் செம்பு மட்டுமே கிட்டத்தட்ட 950 கிராம் வரும். ஃபியூஸ் ஹோல்டர், ஆர்.சி.ஏ. கேபிள் (ஸ்டீரியோவிலிருந்து ஆம்புக்குச் சிக்னல் கொண்டுபோவது), ஸ்பீக்கர் ஒயர், அட்டைப் பெட்டி எல்லாம் சேர்ந்த முழு கிட்டும் ஒரு கிலோ எடை இல்லையென்றால் அதற்குள் 4 கேஜ் செம்பு இருக்க வழியே இல்லை. பழைய சாமான் கடையில் செம்பு கிலோ என்ன விலைக்கு எடுக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு, 600 ரூபாய் கிட்டில் எவ்வளவு செம்பு இருக்கும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

சி.சி.ஏ. போடவே கூடாதா? போடலாம், ஒரு சைஸ் பெரிதாக, லக்கை (ஒயர் நுனியில் மாட்டும் உலோக முனை) ஒழுங்காக அழுத்திக் கிரிம்ப் செய்து. ஆனால் பேட்டரி டெர்மினல் பக்கம் ஈரம் பட்டால் அலுமினிய இழைகள் அரித்துப் பொடியாகும். 250 முதல் 300 வாட்ஸ் ஆர்.எம்.எஸ். ஆம்புக்கு நிஜமான 8 கேஜ் செம்பே போதும். போலி 4 கேஜைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது ஃபியூஸ். இங்கேதான் வண்டியே எரிந்திருக்கும்.

பேட்டரியிலிருந்து வரும் மெயின் ஒயரில் ஃபியூஸ் இருந்தது, ஆனால் டிக்கியில், ஆம்புக்குப் பக்கத்தில். "அங்க இருந்தா மாத்த ஈசி" என்று காரணமும் சொல்லியிருக்கிறார்கள். மெயின் ஃபியூஸின் வேலை ஆம்பைக் காப்பது அல்ல, அதற்கு ஆம்பிலேயே ஃபியூஸ் இருக்கிறது. இது ஒயரைக் காப்பதற்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருந்தாக வேண்டும். டிக்கியில் வைத்தால் வழியெல்லாம் 5 மீட்டர் ஒயர் பாதுகாப்பில்லாமல் ஓடுகிறது. எங்கே பாடித் தகட்டில் உரசி வெட்டுப்பட்டாலும் பேட்டரியின் முழு கரன்டும் அந்த இடத்தில் இறங்கும்.

இந்த வண்டியில் ஏற்கெனவே உரசிக்கொண்டுதான் இருந்தது. இன்ஜின் ரூமுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் தகட்டில் ஒரு துளை போட்டு ஒயரை நேராக நுழைத்திருக்கிறார்கள். ஒயர் உரசாமல் துளையில் மாட்டும் ரப்பர் வளையமான குரோமெட் இல்லை. துளையின் விளிம்பு பிசிறுகூட எடுக்காமல் பிளேடு மாதிரி இருந்தது. சிவப்பு பிளாஸ்டிக்கில் அரை இன்ச் நீளத்துக்கு வெட்டு, உள்ளே இழைகள் பளபளவென்று வெளியே தெரிந்தன. பக்கத்திலேயே தகட்டில் கருப்பாக ஒரு பொறித் தடம். ஃபியூஸ் ஹோல்டருக்குள் இருந்தது 60 ஆம்பியர் ஃபியூஸ். 10 கேஜ் தடிமன் சி.சி.ஏ. ஒயருக்கு 60 போட்டால், ஃபியூஸ் போவதற்கு முன் ஒயர் போய்விடும்.

சரியான முறை: ஃபேக்டரி ஒயரிங் வரும் குரோமெட்டிலேயே ஓரமாகச் சின்னத் துளையிட்டு ஒயரை எடுங்கள். புதுத் துளைதான் வழி என்றால் விளிம்பைத் தேய்த்து, பெயின்ட் தொட்டு, குரோமெட் மாட்டி, இன்ஜின் பக்கம் முழுக்கக் நெளி பிளாஸ்டிக் டியூப் போட வேண்டும். ஃபியூஸ் ரேட்டிங் ஆம்பின் ஃபியூஸை ஒட்டியே இருக்கட்டும். 30 ஆம்பியர் ஆம்புக்கு 40-க்கு மேல் வேண்டாம், அதையும் ஒயர் தாங்க வேண்டும். தங்க நிறத்தில் மினுக்கும் கண்ணாடி ஃபியூஸ் ஹோல்டர்கள் ஸ்பிரிங் தளர்ந்து சூடாகி உருகுவது வழக்கம். போல்ட் போட்டு இறுக்கும் தட்டை ஃபியூஸ் வாங்குங்கள்.

எர்த்தை சீட் பெல்ட் போல்டில் கொடுத்திருந்தார்கள். அந்த போல்ட் உயிரைக் காப்பதற்கு, அதை அவிழ்த்து லக் செருகவே கூடாது. போதாக்குறைக்கு லக்குக்கு அடியில் பெயின்ட் அப்படியே இருந்தது. பாடித் தகட்டில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு உப்புத்தாளால் தேய்த்து வெறும் உலோகம் தெரிந்தபின், 45 சென்டிமீட்டருக்குள் அடங்கும் நீளத்தில், பவர் ஒயரின் அதே தடிமனில் எர்த் கொடுங்கள். முடுக்கியபின் மேலே பெயின்ட் அல்லது கிரீஸ் பூசினால் துரு வராது. எர்த்தைச் சோதிக்க மல்டிமீட்டரை ஓமில் வைப்பதில் பயனில்லை, சாதாரண மீட்டருக்கு அவ்வளவு சின்ன ஓம் தெரியாது. பேஸ் நன்றாக அடிக்கும்போது ஆம்பின் நெகட்டிவுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே டி.சி. வோல்ட் பாருங்கள். 0.2-க்குள் இருந்தால் சரி. இந்த வண்டியில் ஒரு வோல்டுக்கு மேல் காட்டியது.

பேட்டரி இறங்கியதற்குக் காரணம் ரிமோட் ஒயர், அதாவது ஸ்டீரியோ ஆன் ஆகும்போது மட்டும் ஆம்பையும் ஆன் செய்ய வேண்டிய ஒயர். ஃபேக்டரி ஸ்டீரியோவின் பின்பக்கம் ரிமோட் அவுட் தேடிக் கிடைக்காததால், ஆம்பின் 12 வோல்ட் டெர்மினலிலிருந்து ரிமோட் டெர்மினலுக்கு ஒரு துண்டு ஒயர் போட்டுவிட்டார்கள். சாவியை எடுத்த பிறகும் ஆம்ப் இரவு பகலாக ஆன். சும்மா இருக்கும்போதே ஒரு ஆம்பியர் வரை இழுத்தால் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டு நாள் தாங்காது. இதற்குத்தான் புது பேட்டரி வாங்கச் சொன்னார்கள். வாங்கியிருந்தால் அதுவும் படுத்திருக்கும். ஃபியூஸ் பாக்ஸில் சாவி ஏ.சி.சி.-யில் (ஸ்டீரியோ மட்டும் ஓடும் நிலை) இருக்கும்போது மட்டும் வரும் லைனிலிருந்து ஃபியூஸ் டேப் (ஃபியூஸ் இடத்தில் செருகி லைன் எடுக்கும் கிளிப்) வழியாக எடுத்தால் போதும். ஸ்பீக்கர் சிக்னலைப் பார்த்துத் தானே ஆன் ஆகும் ஹை-லெவல் இன்புட் ஆம்பில் இருந்தால் அந்த வேலையும் இல்லை.

கட் ஆனதற்கும் கருகியதற்கும் வருவோம். ஊஃபரில் இரட்டை காயில், ஒவ்வொன்றும் 4 ஓம். இரண்டையும் பேரலலாக இணைத்ததால் 2 ஓம். அதை ஆம்பின் இரண்டு சேனலையும் பிரிட்ஜ் செய்து, அதாவது ஒன்றாக்கி, மாட்டியிருக்கிறார்கள். பிரிட்ஜில் குறைந்தது 4 ஓம் வேண்டும் என்று ஆம்பின் மேலேயே அச்சடித்திருக்கிறது. 2 ஓமைப் பிரிட்ஜ் செய்தால் ஒவ்வொரு சேனலும் 1 ஓமைச் சந்திக்கும். சத்தம் ஏறியதும் சூடாகி புரொடெக்ட் லைட் எரியும், கட் ஆகும். ஆம்பை மாற்றாமல் செய்யக்கூடியது, ஒரு காயிலை ஒரு சேனலுக்கும் இன்னொன்றை அடுத்த சேனலுக்கும் தனித்தனியாகக் கொடுத்து, இரண்டுக்கும் ஒரே மோனோ சிக்னல், ஒரே கெயின் வைப்பது. புதிதாக வாங்குகிறவர்கள் 2 ஓம் தாங்கும் மோனோ ஆம்பாக எடுத்தால் இந்தத் தலைவலி இல்லை.

கெயின், பேஸ் பூஸ்ட் இரண்டும் கடைசிவரை திருகியிருந்தன. டெமோவில் அதிரவேண்டும் என்பதற்காகச் செய்வது. கெயின் என்பது வால்யூம் அல்ல, ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்பைப் பொருத்தும் ஸ்க்ரூ. அளவுக்கு மேல் திருகினால் அலையின் தலை சீவப்படும், வாய்ஸ் காயில் சூடேறி வார்னிஷ் கருகும். கோனை இரண்டு கையாலும் சமமாக மெதுவாக அழுத்திப் பாருங்கள், கரகரவென்று உரசினால் காயில் போய்விட்டது. 4 ஓம் காயில் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்ட வேண்டும். இதில் ஒரு காயில் 1.9, இன்னொன்று ஓபன், அதாவது அறுந்துபோனது.

மல்டிமீட்டரை வைத்தே கெயின் செட் செய்யலாம். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றுங்கள், பேஸ் பூஸ்ட் பூஜ்யம், ஸ்டீரியோவில் ஈக்வலைசர் ஃபிளாட், வால்யூம் முக்கால் அளவு. மொபைலிலிருந்து 50 ஹெர்ட்ஸ் டோன் ஓடவிட்டு, ஆம்ப் அவுட்டில் ஏ.சி. வோல்ட் பாருங்கள். எவ்வளவு வர வேண்டும் என்பது வாட்ஸையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் கிடைக்கும். 200 வாட்ஸ், 4 ஓம் என்றால் 28.3 வோல்ட். அங்கே நிறுத்துங்கள். பேஸை மட்டும் ஊஃபருக்கு விடும் லோ பாஸ் 80 ஹெர்ட்ஸ்.

இன்ஜின் ரைஸ் செய்தால் ஸ்பீக்கரில் "உய்ய்ங்" சத்தமும் இருந்தது. பவர் ஒயரும் ஆர்.சி.ஏ. கேபிளும் ஒரே பக்கம் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன, எர்த்தும் மோசம். கேட்டதற்கு நாய்ஸ் ஃபில்டர் 400, ஒரு ஃபேரட் கெபாசிட்டர் 2,000 என்று புது எஸ்டிமேட். ஆர்.சி.ஏ.-வை வண்டியின் மறுபக்கம் கொண்டுபோய், எர்த்தைச் சரிசெய்ததும் சத்தம் போய்விட்டது. கெபாசிட்டரைப் பற்றி ஒரே கணக்கு: ஒரு வோல்ட் இறங்கும்வரை ஒரு ஃபேரட் கொடுப்பது 30 ஆம்பியரை ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்கு. 2,000 ரூபாயைச் செம்பு ஒயரில் போடுங்கள்.

பாக்ஸ் 12 மில்லிமீட்டர் பார்ட்டிகிள் போர்டு, பசை இல்லாமல் ஸ்டேப்ளர் பின். 12 இன்ச்சுக்கு 18 மில்லிமீட்டர் எம்.டி.எஃப்., சீல்டு என்றால் 28 முதல் 35 லிட்டர், உள்மூலைகளில் பசை. ஊஃபரோடு வரும் தாளில் இருக்கும் லிட்டர் அளவு இதைவிட முக்கியம்.

பட்ஜெட் இறுக்கமாக இருந்தால் சீட்டுக்கு அடியில் வைக்கும் 8 இன்ச் ஆக்டிவ் சப்வூஃபர் போதும். ஆம்ப் உள்ளேயே இருக்கும், ஓம் குழப்பம் இல்லை, கரன்டும் குறைவு. டிக்கி அதிராது, ஆனால் பாட்டில் இருக்கும் பேஸ் கேட்கும். எதை வாங்கினாலும் ஒயரை நீங்களே தனியாக வாங்கிக் கொடுத்து, ஃபிட்டிங் நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். டீ குடித்துவிட்டு வரச் சொல்வார்கள், போகாதீர்கள். கார்பெட்டை மூடுவதற்கு முன் பேட்டரி பக்க ஃபியூஸ், குரோமெட், எர்த் மூன்றையும் போட்டோ எடுங்கள்.

ஏற்கெனவே இப்படி மாட்டிக்கொண்டவர்கள் முதலில் பேட்டரி முனையில் அந்த ஒயரைக் கழற்றுங்கள், ஆம்ப் ஓடாது, வண்டி ஓடும். பிறகு பணம். பில் தர மறுப்பதும், பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் கணக்கு. "விற்ற பொருள் திரும்ப வாங்கப்படாது" என்ற முத்திரை பழுதான பொருளுக்குச் செல்லாது. பில் இல்லாவிட்டால் ஜி.பே. ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, பிரச்சினை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

வண்டியில் செட் மாட்டியதை இன்சூரன்ஸில் சொல்லுங்கள். கம்பெனியிலிருந்து வராத எலக்ட்ரிக்கல் பொருளுக்கு அதன் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் என்பதுதான் வழக்கமான கணக்கு, 20,000 ரூபாய் செட்டுக்கு 800. சொல்லாமல் விட்டால் செட் திருடுபோனாலும் எரிந்தாலும் அதற்குக் காசு வராது. ஒயரிங்கிலிருந்து தீப்பிடித்தால் சர்வேயர் முதலில் கேட்பது இதை யார் மாட்டியது, பில் எங்கே என்றுதான்.